தையல் தெரியும்... கூட உட்கார்ந்து தைக்க ஆள் இல்லையா? உங்க ஊரிலேயே ஒரு தையல் குழுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டில் தையல் மிஷின் இருக்கும். ஆனால், அதன் மேல் இருப்பது தைக்க வேண்டிய துணி அல்ல, அயர்ன் பண்ண வேண்டிய துணி மூட்டை. தமிழ்நாட்டில் பல வீடுகளில் மிஷினின் இன்றைய நிலை இதுதான். சீர்வரிசையில் வந்தது, அரசுத் திட்டத்தில் கிடைத்தது, கொரோனா ஊரடங்கில் மாஸ்க் தைக்க வாங்கியது என்று ஒவ்வொரு மிஷினுக்கும் பின்னால் ஒரு கதையும் இருக்கும்.

தைக்கத் தெரியாததால் மட்டும் மிஷின் நின்றுபோவதில்லை. சந்தேகம் கேட்க ஆள் இல்லை, தைத்ததைக் காட்ட ஆள் இல்லை, "இன்னைக்கு உட்காரலாம்" என்று கூப்பிட ஆள் இல்லை என்பதாலும் நிற்கிறது. வாசிப்பவர்களுக்கு நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நடப்பவர்களுக்கு காலையில் பார்க்கில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தைப்பவர்களுக்கு அப்படி ஒரு இடம் உண்டா? இல்லையென்றால் உருவாக்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

வீடியோ இருக்கும்போது குழு எதற்கு?

இது நியாயமான கேள்வி. பிளவுஸ் கட்டிங் முதல் ஆரி வேலை வரை எல்லாவற்றுக்கும் தமிழிலேயே வீடியோக்கள் இருக்கின்றன. ஆனால், வீடியோவை நீங்கள் பார்க்கலாம், வீடியோ உங்கள் துணியைப் பார்க்காது.

ஓர் உதாரணம். தைக்கும்போது துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. உடனே பலரும் பாபின் கேஸைக் கழற்றி அதன் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். சிக்கல் கீழே தெரிந்தாலும், காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும். மேல் நூல் டென்ஷன் தகடுகளுக்கு நடுவே சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது அழுத்தும் ஃபுட்டை இறக்காமலேயே தைக்க ஆரம்பித்திருப்பார்கள். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தனியாக இருப்பவர் அன்று மதியம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அளவெடுப்பதும் அப்படித்தான். சொந்த முதுகின் அகலத்தையும் ஷோல்டர் அளவையும் தானே சரியாக எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். டேப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். ஆர்ம்ஹோலில் சுருக்கம் விழுவது டாட்டை மாற்ற வேண்டியதாலா, ஷோல்டரைக் குறைக்க வேண்டியதாலா என்பது போட்டுப் பார்த்து, வேறொருவர் பார்த்துச் சொன்னால்தான் தெரியும்.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கிறது. "உனக்குத்தான் தைக்கத் தெரியுமே, இந்தச் சேலைக்கு ஃபால்ஸ் அடிச்சுக் கொடேன்", "பையனோட பேண்ட்டைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடேன்" என்ற வார்த்தைகளைக் கேட்காத தையல் தெரிந்த பெண் இருக்க முடியாது. ஆசையாகக் கற்றுக்கொண்ட கலை, மெதுவாக வீட்டு வேலைப் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்துவிடுகிறது. தனக்குப் பிடித்ததைத் தைக்க மட்டும் நேரம் இருக்காது. மாதத்தில் 2 மணி நேரம் "இது என் தையல் நேரம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப ஒரு குழு இருந்தால், அந்த நேரத்துக்கு ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது.

முதலில் தெளிவு தேவை: எந்தக் குழு வேண்டும்?

தையல் குழு என்று விசாரித்தால் பல இடங்களைக் கைகாட்டுவார்கள். எல்லாம் ஒன்றல்ல.

பயிற்சி வகுப்பு: இங்கு ஆசிரியர், பாடம், கால அளவு எல்லாம் உண்டு. தனியார் தையல் பயிற்சி மையங்கள், அரசு ஐடிஐ-க்களில் இருக்கும் தையல் தொழில்நுட்பப் பிரிவு, இந்தியன் வங்கி, ஐஓபி போன்ற வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் இந்த வகை. வங்கிகள் நடத்தும் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சுயதொழில் தொடங்க வைப்பதுதான் அதன் நோக்கம்.

மகளிர் சுய உதவிக் குழு: தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி இது. சேமிப்பும் கடனும்தான் இதன் அடிப்படை. சில குழுக்கள் தையலை வருமானத் தொழிலாகச் செய்கின்றன.

தையல் கூட்டுறவு சங்கம்: சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா சீருடைகளைத் தைத்துக் கொடுக்கின்றன. இது முழுக்க முழுக்க வேலைவாய்ப்பு.

பொழுதுபோக்குக் குழு: பாடத்திட்டம் இல்லை, டார்கெட் இல்லை, கூலியும் இல்லை. பிடித்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் வேலையைத் தைத்துக்கொண்டே பேசுவார்கள், பழகுவார்கள், கற்றுக்கொள்வார்கள்.

நான்காவது வகையைத் தேடுபவர் முதல் மூன்றில் போய்ச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால், அந்த நான்காவது குழுவுக்கான ஆட்கள் இந்த மூன்று இடங்களிலும் இருக்கிறார்கள். அதனால், பெயர்ப் பலகை மாட்டிய குழுவைத் தேடுவதைவிட, தைக்கும் ஆட்களைத் தேடுவதுதான் சுலபமான வழி.

எங்கே தேடுவது? 6 இடங்கள்

1. நூல், லைனிங் துணி விற்கும் கடை

பாபின், ஊசி, லேஸ், பைப்பிங் கயிறு வாங்க எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். வாடிக்கையாக வருபவர்களில் யார் டெய்லர், யார் ஆசைக்குத் தைப்பவர் என்பது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். "கடையில் ஒரு சின்ன நோட்டீஸ் ஒட்டிக்கலாமா அண்ணா?" என்று கேட்டுப் பாருங்க. ஆட்கள் சேர்ந்தால் அவருக்கும் வியாபாரம்தானே!

2. மிஷின் சர்வீஸ் செய்பவர்

வீடு வீடாகப் போய் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கிற்கு எந்தத் தெருவில் எத்தனை மிஷின் ஓடுகிறது என்பது அத்துப்படி. அடுத்தவர் நம்பரை அவரிடம் கேட்க வேண்டாம். உங்கள் நம்பரைக் கொடுத்து, "விருப்பம் இருக்கறவங்க கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்வதுதான் முறை.

3. தையல் பயிற்சி மையம்

கோர்ஸ் முடித்த பலர் அதைத் தொழிலாகச் செய்வதில்லை. அவர்களில் சிலருக்காவது தொடர்ந்து தைக்கும் ஆசை இருக்கும். மையத்தின் டீச்சரிடம் பேசினால், பழைய மாணவிகளுக்குத் தகவல் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மையம் சும்மா பூட்டித்தான் கிடக்கிறது என்றால், ஒரு சின்ன வாடகைக்கு அந்த இடமே கிடைக்கவும் வாய்ப்புண்டு.

4. நூலகம்

கூட்டம் நடத்த இடம் தேடுபவர்கள் மறந்துவிடும் இடம் இது. கிளை நூலகமோ, மாவட்ட மைய நூலகமோ, நூலகரிடம் பேசி அனுமதி கேட்கலாம். எம்பிராய்டரி, குரோஷா போன்ற சத்தமில்லாத கைவேலைகளுக்கு இது நல்ல இடம். தையல் புத்தகங்கள் இருக்கும் அலமாரியைப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு.

5. அபார்ட்மெண்ட், குடியிருப்போர் நலச் சங்கம்

வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, கரண்ட் கட் தகவல்களுக்கு நடுவே ஒரு மெசேஜ் போட்டாலே போதும். ஒரே கட்டடத்தில் பல வருடங்களாக இருந்தும், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்மோக்கிங் தையல் தெரியும் என்பது அன்றுதான் தெரியவரும்.

6. துணிச் சந்தைகள்

ஈரோடு கனி மார்க்கெட், சென்னை ஜார்ஜ் டவுனின் கோடவுன் தெரு போன்ற இடங்களுக்குத் துணி எடுக்கத் தனியாகப் போவதைவிட நான்கு பேராகப் போவது லாபம். ஒரு தான் துணியை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். திருப்பூர் பக்கம் இருப்பவர்கள் கட்டிங் வேஸ்ட் துணிகளை எடை போட்டு வாங்கி, பழகுவதற்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சேர்ந்து துணி எடுக்கப் போன ஒரு பயணமே ஒரு குழுவின் முதல் கூட்டமாகவும் ஆகலாம்.

ஒரு குழுவால் எவ்வளவு தூரம் போக முடியும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன், குரோஷா பின்னல் பிடித்தவர்களுக்காக ஃபேஸ்புக்கில் தொடங்கிய குழுதான் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்'. 2016 ஜனவரி 31-ம் தேதி, இந்தக் குழுவினர் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்பளவுள்ள குரோஷே போர்வையை உருவாக்கி, உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வை என்ற கின்னஸ் சாதனையைப் படைத்தனர். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்!

இந்தச் சாதனையில் கவனிக்க வேண்டியது அது நடந்த விதம். யாரும் ஒரே ஹாலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னவில்லை. அவரவர் வீட்டில், அவரவருக்குக் கிடைத்த நேரத்தில் பின்னிய துண்டுகள்தான் ஒன்றாகச் சேர்ந்தன. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்கும் ஒரு குழுவில் இடம் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு உதாரணம், தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி பள்ளத்தாக்கு. அங்குள்ள லம்பாடி மக்களின் பாரம்பரிய எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறைந்துபோகும் நிலைக்கு வந்து, வயதான சில பெண்களுக்கு மட்டுமே அந்தத் தையல்கள் தெரிந்திருந்தன. மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தில் இளைய பெண்கள் அந்தப் பாட்டிகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பாக அது வளர்ந்தது. லம்பாடி மொழியில் இந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். இன்று அது பலருக்கு வருமானம் தரும் தொழில். ஆனால், தெரிந்தவரும் தெரியாதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் அந்தக் கலை பிழைத்தது.

தேடியும் கிடைக்கலையா? 3 பேர் போதும்

பெரிய கூட்டம் தேவையில்லை. மூன்று பேர் என்றால் ஒருவர் வராவிட்டாலும் இருவர் தைக்கலாம். அழைப்பு மெசேஜில் சில விஷயங்கள் தெளிவாக இருந்தால் தயங்குபவர்களும் வருவார்கள். உதாரணத்துக்கு இப்படி:

"நம்ம ஏரியாவில் தையல், எம்பிராய்டரி, குரோஷா தெரிஞ்சவங்க, கத்துக்க ஆசைப்படறவங்க இருக்கீங்களா? மாசத்தில் ரெண்டாவது ஞாயிறு மதியம் 3 முதல் 5 மணி வரை சேர்ந்து தைக்கலாம். ஃபீஸ் இல்லை, விற்பனை இல்லை. மிஷின் இல்லைன்னாலும் வரலாம்."

கடைசி இரண்டு வரிகள் முக்கியம். "ஏதாவது விக்கத்தான் கூப்பிடறாங்க" என்ற சந்தேகமும், "என்கிட்ட மிஷின் இல்லையே" என்ற தயக்கமும் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்திருப்பது அடுத்த முக்கியமான விஷயம். "எல்லோருக்கும் வசதியான நாள்" என்று தேட ஆரம்பித்தால் அந்த நாள் வரவே வராது. முதல் 3 மாதங்களுக்கு ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துவிட்டால், வருபவர்கள் தங்கள் வீட்டு வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்கள்.

மிஷினைத் தூக்கிட்டுப் போக முடியுமா?

கால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். பேட்டர்ன் வரைதல், கட்டிங், ஹெம்மிங், ஹூக் வைத்தல், காஜா எடுத்தல், எம்பிராய்டரி எல்லாம் மிஷின் இல்லாமலே செய்யக்கூடியவை. அவற்றைக் கூட்டத்தில் செய்துவிட்டு, நேர்த் தையலை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். மிஷின் அவசியம் என்றால், மிஷின் இருக்கும் வீடுகளில் மாற்றி மாற்றிச் சந்திக்கலாம். டேபிள் டாப் மோட்டார் மிஷின் வைத்திருப்பவர் இருந்தால் இன்னும் வசதி. போகும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

முதல் கூட்டத்தில் என்ன தைக்கலாம்?

பிளவுஸ் வேண்டவே வேண்டாம். முதல் நாளே பிளவுஸ் என்றால் தெரிந்தவர் டீச்சர் ஆகிவிடுவார், தெரியாதவர் பயந்துவிடுவார். எல்லோராலும் முடிக்கக்கூடிய ஒன்றுதான் சரி. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது மறுபடி பேசப்பட்ட அதே துணிப்பை இதற்குப் பொருத்தமானது.

அளவு இதோ: 15 இன்ச் அகலம், 35 இன்ச் நீளத்தில் ஒரு துணி. கைப்பிடிக்கு 3 இன்ச் அகலம், 20 இன்ச் நீளத்தில் இரண்டு பட்டிகள். துணியை நீளவாக்கில் பாதியாக மடித்து, இரண்டு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தைக்க வேண்டும். மேல் விளிம்பில் ஒன்றரை இன்ச் மடித்து அடித்து, பட்டிகளை மடித்துத் தைத்து அதில் வைக்க வேண்டும். பட்டி சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கே 'எக்ஸ்' போட்டால் கனம் தாங்கும். முடிந்ததும் ஏறக்குறைய 14 இன்ச் அகலம், 16 இன்ச் உயரத்தில் பை ரெடி. 44 இன்ச் பன்னா உள்ள துணியில் 1 மீட்டர் எடுத்தால், கைப்பிடியோடு சேர்த்து இரண்டு பைகள் வந்துவிடும்.

கற்றுக்குட்டிக்கு இதில் நேர்த் தையல் பழக்கம் கிடைக்கும். தெரிந்தவர் அதில் எம்பிராய்டரி போடலாம், உள்ளே லைனிங் வைக்கலாம். ஒரே பையை ஐந்து பேர் ஐந்து விதமாக முடிப்பதைப் பார்ப்பதே அன்றைய பாடம்.

குழு உடையாமல் இருக்க 5 விஷயங்கள்

கட்டாய ஆர்டர் கூடாது: நன்றாகத் தைப்பவரிடம் "எனக்கும் ஒண்ணு தச்சுக் கொடுங்க" என்று கேட்கும் பழக்கம் வந்தால், முதலில் நின்றுவிடுவது அவர்தான். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். தைத்துக் கொடுக்கச் சொன்னால் உரிய கூலி கொடுக்க வேண்டும்.

கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும்: துணி, நூல், டீ எதுவானாலும் செலவை அன்றே பிரித்துக்கொள்வது நல்லது. சீட்டு, கடன் பேச்சு இந்தக் குழுவுக்குள் வேண்டாம்.

கத்தரிக்கோல் மரியாதை: துணி வெட்டும் கத்தரிக்கோலால் பேப்பர் வெட்டினால் முனை மழுங்கும். பேப்பருக்கென்று தனிக் கத்தரிக்கோல் ஒன்று இருந்தால் பாதிச் சண்டை குறையும்!

ஊசி எண்ணிக்கை: குழந்தைகளோடு வருபவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது அவசியம்.

குறை சொல்வதில் நிதானம்: "ஐயோ, கோணலா இருக்கே" என்ற ஒரு வார்த்தை போதும், புதிதாக வந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார். கேட்டால் மட்டும் திருத்தம் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம்.

உஷார்: இப்படியும் ஏமாற்றுகிறார்கள்

தையல் குழு தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுவது, "வீட்டிலிருந்தே தையல் வேலை, கை நிறைய சம்பளம்" என்ற விளம்பரங்கள்தான். பதிவுக் கட்டணம், துணிக்கு டெபாசிட் என்று முன்பணம் கேட்டால் உஷாராகிவிட வேண்டும். வேலை கொடுப்பவர் கூலி கொடுக்க வேண்டுமே தவிர, பணம் வாங்கக் கூடாது. ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். அட்மின் அனுமதித்தால் மட்டுமே புதியவர் சேர முடியும் என்று செட்டிங்கை மாற்றி வைக்கலாம். அளவெடுக்கும்போதோ, போட்டுப் பார்க்கும்போதோ அனுமதி இல்லாமல் யாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. அறிமுகம் இல்லாதவர்களோடு நடக்கும் முதல் சந்திப்பை நூலகம், சமுதாயக் கூடம் போன்ற பொது இடத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆண்கள் சேரலாமா?

தாராளமாக. ஊர் ஊருக்கு டெய்லர் கடை வைத்திருப்பவர்களில் ஆண்கள் ஏராளம். ரிட்டயர்டு ஆன ஒரு டெய்லர் அண்ணன் குழுவுக்குக் கிடைத்தால், கட்டிங்கில் இருக்கும் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். அதேநேரம், பிளவுஸ் அளவு, ஃபிட்டிங் பார்க்கும் நாட்களைப் பெண்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. எப்படி என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிட்டால் பின்னால் சங்கடம் இருக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

அடுத்த முறை நூல் வாங்கப் போகும்போது, பில் போடும் நேரத்தில் கடைக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேட்டுப் பாருங்க. "இங்க ஆசைக்குத் தைக்கிறவங்க யாராவது வருவாங்களா? என் நம்பரை அவங்ககிட்ட கொடுக்க முடியுமா?" அடுத்த வாரம் ஒரு போன் வந்தால் இரண்டு பேர். அவருக்குத் தெரிந்த ஒருவரையும் கூட்டிவரச் சொன்னால் மூன்று பேர். ஞாயிறு மதியம் 3 மணிக்கு உட்கார அவ்வளவு பேர் போதும்.